பத்து நிமிஷம் முந்தி

போன வாரம் இவர்களைச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டு வந்தோம். தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று மருமகள் சொன்னாள். வேலை தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில். எந்த ஊர் என்று மாமனார் கேட்டார். சொன்னாள். கையில் எடுத்த கவளத்தை அவர் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அந்த ஊர் வேண்டாம்மா."

ஏன் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. கை கழுவப் போனவர் அப்படியே மாடிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்காத பேச்சுதான் வீட்டில் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். குடும்பம் நடத்தியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கதைக்குள் இன்றைக்குத்தான் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீட்டு மூத்த பிள்ளை மனைவியை விட்டுவிட்டுப் போய் இது மூன்றாவது வருஷம். காலையில் வேலைக்குப் போனவன், வேறொருத்தியோடு வாழப் போவதாகச் சாயங்காலம் போனில் சொன்னான். மறுநாள் இவளை அழைத்துப் போகப் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. வந்தவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மாமனார் சொன்னார்: "இனிமே இது அவ வீடு. அவன் வந்தாத்தான் விருந்தாளி." இவளும் போகவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் மாமனார், மருமகள், அவர் கடைசிப் பெண், மூன்றே பேர்.

மாமனாருக்கு ஊருக்குள் பெயர் டைம்கீப்பர். பஸ் ஸ்டாண்டில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எந்த பஸ் எப்போது கிளம்பியது, எந்த பஸ் எவ்வளவு தாமதமாக வந்தது என்று எழுதுகிற வேலை. ஓய்வு பெற்றுவிட்டார். வேலைதான் அவரை விட்டதே தவிர, அவர் வேலையை விடவில்லை. வீட்டில் இருக்கிற எல்லாக் கடிகாரத்தையும் பத்து நிமிஷம் முந்தி வைத்திருக்கிறார்.

"நேரத்துக்குக் கிளம்பறவன் லேட்டாத்தான் போய்ச் சேருவான்" என்பது அவர் கட்சி.

அதனால் இந்த வீட்டில் மணி பார்க்க வேண்டுமென்றால் கழித்தல் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வருகிற விருந்தாளிகள் ஹாலில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பதறி எழுந்து ஓடுவார்கள். சிலரை அப்படியே ஓடவிடுவதும் உண்டு.

இன்றைக்குத்தான் தேர்வு. அசல் நேரம் மூன்று மணிக்கு.

மருமகள் பரிசோதனைக்கூடத்தில் ரிப்போர்ட் டைப் செய்கிற வேலையில் இருக்கிறாள். பாதி நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது மாமனார் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்பிட்டுட்டு உட்காரும்மா. வெறும் வயித்துல எழுதாதே."

ஒரு வாரத்தில் அந்தத் தேர்வைப் பற்றி அவர் பேசியது இதுதான் முதல் தடவை. சரி மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கம்ப்யூட்டர் இருப்பது ஹாலை ஒட்டிய சின்ன அறையில், ஜன்னல் ஓரத்து மேஜையில். தூசி படாமல் இருக்கப் பழைய தலையணை உறை ஒன்று போர்த்தியிருக்கும். மூத்தவன் வாங்கியது. அவன் விட்டுப்போன பொருள்களில் இவள் உபயோகிப்பது இது ஒன்றைத்தான். இரண்டு வருஷமாகச் சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, இந்த மேஜையில் உட்கார்ந்துதான் இந்த வேலைக்கான படிப்பைப் படித்து முடித்தாள்.

தேர்வை எழுத விதிமுறைகள் கொஞ்சநஞ்சமல்ல. கேமரா முன்னால் உட்கார வேண்டும். வேறு சத்தம் கேட்கக் கூடாது. முன்கூட்டியே பதிவு செய்த கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், போனில் எழுத முடியாது. மூன்று மணிக்கு உள்ளே நுழையாதவர்களுக்குக் கதவு மூடிவிடும். அடுத்த தேர்வு அடுத்த வருஷம்.

சாப்பிட்டு வந்து உறையை எடுத்தாள். சுவிட்சைப் போட்டாள். தேர்வுப் பக்கத்தைத் திறந்தாள்.

திறக்கவில்லை.

இன்னொரு தடவை தட்டினாள். சக்கரம் சுற்றியது. இணைக்க முடியவில்லை என்று வந்தது. மெயிலைத் திறந்து பார்த்தாள். அதுவும் வரவில்லை. திரையின் மூலையில் வைஃபை அடையாளம் மட்டும் நிறைய கோடுகளோடு நன்றாகத்தான் இருந்தது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி வரம் கொடுக்காத கதை.

"குட்டி" என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் வந்து பாரேன். நெட் வர மாட்டேங்குது."

குட்டி என்பது நாத்தனார். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற பெண். அண்ணிக்குத் தேர்வு என்று அவளும் லீவு போட்டிருந்தாள். தெருவில் எந்த வீட்டில் போன் கெட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அது தெரியும் என்பதல்ல, தெரியாது என்று சொல்லத் தெரியாது.

"நகருங்க அண்ணி. இதெல்லாம் ஒரு விஷயமா."

முதலில் ரௌட்டரை அணைத்துப் போட்டாள். பிறகு வயரைக் கழற்றி, முனையை வாயால் ஊதி, திரும்பச் சொருகினாள். பிறகு கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். அது ஆடி அசைந்து எழுந்து வர, தேர்வுப் பக்கத்தைத் தட்டினாள். இந்தத் தடவை சிவப்பு முக்கோணம் ஒன்றைப் போட்டு இங்கிலீஷில் ஒரு அறிவிப்பு வந்தது. குட்டி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணி, இதைப் பாருங்க. உங்கள் கடிகாரம் முந்தி இருக்கிறதாம். நம்ம வீட்டு விஷயம் கம்ப்யூட்டர் வரைக்கும் தெரிஞ்சுபோச்சு."

மருமகளும் சிரித்துவிட்டாள். குட்டி அந்த அறிவிப்பை மூடினாள்.

நடந்தது இவ்வளவுதான். வேறு எந்த வீட்டிலாவது அந்த வரியைப் படித்திருந்தால் உடனே கடிகாரத்தைப் போய்ப் பார்த்திருப்பார்கள். இந்த வீட்டில் கடிகாரம் முந்தி இருப்பது செய்தியே இல்லை. சூரியன் கிழக்கே உதித்தது என்று கம்ப்யூட்டர் சொல்லியிருந்தால் எப்படி மூடியிருப்பாளோ அப்படி மூடினாள். நாள் முழுக்க அடுத்தவர்களை உட்காரவைத்துக் கடைசி வரிப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்கிற பெண் அவள். திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த தேதியைப் பார்க்கவில்லை.

அடுத்தது கஸ்டமர் கேர். பாட்டுக் கேட்டு, எண் அமுக்கி, மறுபடி பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது.

"ரௌட்டர்ல பச்சை விளக்கு எரியுதா மேடம்?"

"எரியுது."

"சிவப்பு விளக்கு எரியுதா?"

"அது என் மூஞ்சியில எரியுது. அண்ணிக்கு மூணு மணிக்குப் பரீட்சைங்க."

"புரியுது மேடம். ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"பண்ணியாச்சு."

"எனக்காக இன்னொரு தடவை மேடம்."

அவளுக்காகவும் ஒரு தடவை செய்தார்கள். அந்தப் பெண் பொறுமையாக இருந்தாள், பாவம். லைனைச் சோதித்துப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் போனில் நெட் வருகிறதா என்று கேட்டாள். குட்டி தன் போனை வீட்டு வைஃபையில் போட்டுப் பார்த்தாள். ஜம்மென்று வந்தது.

"அப்போ கம்ப்யூட்டர்லதான் மேடம் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு, பரீட்சை நல்லபடியா எழுதச் சொல்லுங்க என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டு வைத்தாள்.

கடைசி முயற்சியாகப் போனிலிருந்தே கம்ப்யூட்டருக்கு நெட் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு கம்பெனி, வேறு சிக்னல். அதற்கும் அதே சக்கரம் சுற்றியது, அதே பதில் வந்தது. மருமகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராத்திரி நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள். "மாதிரித் தேர்வு ஒண்ணு எழுதிப் பார்த்துட்டுத்தான் தூங்கினேன்."

குட்டி திரும்பினாள். "காலையில யாராவது இதைத் தொட்டீங்களா?"

ஹாலில் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது.

"நான் தொட்டேன்."

அவர் எழுந்து வந்து அறை வாசலில் நின்றார். திரையைப் பார்த்தார். மருமகள் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"என்னப்பா பண்ணீங்க?"

"சும்மா... ஒண்ணுமில்ல. நல்லதுக்குத்தான்..."

அவர் முடிப்பதற்குள் குட்டி ஆரம்பித்துவிட்டாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒரு வாரமாக அண்ணியின் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள்.

"அந்த ஊர் வேண்டாம்னு சொன்னீங்க. ஏன்னு கேட்டா வாயைத் திறக்கலை. இன்னிக்குப் பரீட்சை, இன்னிக்குக் காலையில போய்க் கம்ப்யூட்டரைத் தொட்டிருக்கீங்க. நாங்க என்னன்னு நினைக்கறது? ஊருக்கு முன்னாடி அவ வீடுன்னு சொன்னீங்களே, வீட்டை விட்டு எங்கேயும் போகக் கூடாதுன்னு அதுக்கு அர்த்தமாப்பா? வேலியே பயிரை மேஞ்சா யார்கிட்ட போய்ச் சொல்றது?"

பஸ் ஸ்டாண்டில் டிரைவர்கள் அவர் ஜன்னலில் வந்து நின்று கத்துவார்கள், லேட் என்று எழுதாதே என்று. அப்போதும் அவர் திருப்பிக் கத்தியதில்லை. இன்றைக்கு வேறு காரணமும் இருந்தது. தன் கை பட்டுத்தான் கெட்டுவிட்டது என்று அவரே நம்பினார். மெல்லத் திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டார்.

மருமகளும் அந்த ஒரு நிமிஷம் அதை நம்பினாள். அதை மறைப்பானேன். கட்டியவன் போனபோது கூட இவ்வளவு வலிக்கவில்லை என்று நினைத்தாள். அவன் போவான் என்று மனசின் ஒரு மூலை முன்பே சொல்லியிருந்தது. இவர் செய்வார் என்று எந்த மூலையும் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்து ஹால் கடிகாரம் மூன்று அடித்தது.

குட்டி தலையில் கை வைத்துக்கொண்டாள். அடுத்த கணம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கழித்துப் பார்த்தார்கள். இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது.

மருமகள் சமையலறைக்குப் போனாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, மூடியிருந்த குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, கோவிச்சுக்காம சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல என்னதான் பண்ணீங்க?"

அவர் திரும்பவில்லை. "கடிகாரத்தை முந்தி வெச்சேம்மா."

"எந்தக் கடிகாரத்தை?"

"அதுக்குள்ள மூலையில ஒண்ணு ஓடுதே, அதை. அது மட்டும் வீட்ல சரியான நேரம் காட்டிக்கிட்டு இருந்துச்சு. நீ அதைப் பார்த்துக்கிட்டு, நேரம் இருக்குன்னு நினைச்சு அசந்துட்டா என்ன பண்றது? பத்து நிமிஷம் தள்ளி வெச்சேன். அவ்வளவுதான். மவுஸ் கொஞ்சம் முரண்டு பண்ணுச்சு. வேற எதையும் தொடலை. சத்தியமாத் தொடலைம்மா."

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. ஓடினாள். உங்கள் கடிகாரம் முந்தி இருக்கிறது. குட்டி சிரித்துக்கொண்டே மூடிய வரி இப்போது அவள் கண் முன்னால் நின்றது.

திரையின் மூலைக்குக் குனிந்து பார்த்தாள். மாதம் சரி. தேதி சரி. வருஷம்தான் அடுத்த வருஷமாக இருந்தது.

"குட்டி, இங்க பாரு."

குட்டி பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. நிமிஷத்தை நகர்த்தப் போன இடத்தில் மவுஸின் சக்கரம் உருண்டு வருஷமும் ஒரு படி தாண்டியிருக்கிறது. இந்தக் கம்ப்யூட்டர் அடுத்த வருஷத்தில் இருந்துகொண்டு இந்த வருஷத்துக் கதவுகளைத் தட்டியது. தேதி ஒத்துப்போகாத ஆளை எந்தப் பக்கமும் உள்ளே விடவில்லை.

வருஷத்தைச் சரி செய்ய ஒரே ஒரு தட்டுதான் ஆனது. தேர்வுப் பக்கத்தைத் திறந்தாள். நல்ல பிள்ளையாகத் திறந்துகொண்டது. கேமரா விளக்கு எரிந்தது.

"நிமிஷத்தையும் மாத்திடுங்க அண்ணி. அது இன்னும் முந்தித்தான் இருக்கு."

"இருக்கட்டும்."

"எதுக்கு?"

மருமகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "தடுக்கணும்னு நினைக்கறவர் வயரைப் பிடுங்கிப் போட்டிருப்பார், குட்டி. கடிகாரத்தை ஏன் முந்தி வைக்கறார்? நான் லேட்டாப் போயிடக் கூடாதுன்னு வெச்சிருக்கார்."

குட்டியின் கண் நிறைந்துவிட்டது. நல்ல வேளை, அழுது தீர்க்க நேரம் இல்லை. தேர்வு ஆரம்பிக்கப் போகிறது, நீங்கள் தனியாக இருக்க வேண்டும் என்று திரை எச்சரித்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

சமையலறையில் அப்பா இன்னும் அப்படியே நின்றிருந்தார்.

"சரியாயிடுச்சுப்பா. உள்ள போயிட்டாங்க."

"ஆச்சா?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"அவசரப்பட்டுட்டேன்ப்பா. கண்டதையும் பேசிட்டேன்."

"நீ பேசினதுல தப்பில்ல. அவளுக்காகத்தானே பேசினே. நீ பேசலைன்னாத்தான் எனக்கு வருத்தமா இருந்திருக்கும்."

அப்பாவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு அவள் சற்று நேரம் நின்றாள். பெரிய பெண்ணாகி இத்தனை வருஷத்தில் அப்படி நின்றதில்லை. அவருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அவள் தலையில் வைத்தார்.

திடீரென்று நினைவு வந்தவராக ஹாலுக்குப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரில் இருந்த கடிகாரத்தைக் கழற்றினார். தேர்வின் நடுவில் அது நாலு அடித்தால், வேறு சத்தம் கேட்கிறது என்று அவளை வெளியே அனுப்பிவிட்டால் என்ன செய்வது? பின்பக்கம் திருப்பி பாட்டரியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இந்த வீட்டில் அவர் கையால் ஒரு கடிகாரம் நின்றது அன்றைக்குத்தான்.

பிறகு இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறியைக்கூடப் போடவில்லை. தும்மல் வந்தபோது குட்டி வாசலுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தாள். வாசலில் பழக்காரர் வண்டியை நிறுத்தி விலை கூவ ஆரம்பித்தார். டைம்கீப்பர் எழுந்து போய், வேண்டாத பழத்தையெல்லாம் பேரம் பேசாமல் வாங்கி, அவரை அடுத்த தெருவுக்கு அனுப்பிவைத்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு கதவு திறந்தது.

மருமகள் வெளியே வந்தாள். இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

"முடிவு உடனே வந்துடுச்சு" என்றாள். "தேறிட்டேன். அடுத்த வாரம் நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. பேசிப் பார்த்துட்டு வேலை தருவாங்களாம்."

குட்டி அவளைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். மாமனார் ரொம்ப சந்தோஷம்மா என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார், முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எங்கேயோ போய்விட்டதையும் அவள் பார்த்தாள்.

"துணி காஞ்சிருக்கும், எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் மாடிக்குப் போனார். அவளும் பின்னாலேயே போனாள்.

மாடியில் காற்று நன்றாக வீசியது. கொடியில் போர்வை ஒன்று காய்ந்து விறைத்திருந்தது. தனி ஆளாக மடிக்க முடியாத பெரிய போர்வை. இரண்டு முனையை அவர் பிடித்துக்கொள்ள, இரண்டு முனையை இவள் பிடித்துக்கொண்டாள். உதறினார்கள். மடிப்பதற்காக ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள்.

"ஏன் அந்த ஊர் வேண்டாம்னு சொன்னீங்க மாமா? இப்பவாவது சொல்லுங்க. உங்களைத் தனியா விட்டுட்டுப் போறேன்னு வருத்தமா?"

"அது இருக்கும்மா. இல்லைன்னு சொல்ல மாட்டேன்." அவர் போர்வையின் ஓரத்தை நேராக்கினார். "ஆனா அது உன்னைப் பிடிச்சு வைக்கற காரணம் இல்ல. வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கு. தடுக்க உரிமை இல்ல. அதை ராத்திரியெல்லாம் யோசிச்சுட்டுத்தான் காலையில அந்தக் கடிகாரத்துக்கிட்ட போனேன்."

"அப்புறம் என்ன?"

அவர் இன்னொரு தடவை மடித்தார். போர்வை சின்னதாகிவிட்டது. இரண்டு பேரும் கை தொடுகிற தூரத்துக்கு வந்துவிட்டார்கள்.

"அவன் அந்த ஊர்லதான்ம்மா இருக்கான்."

அவளுக்கு முதலில் எவன் என்று புரியவில்லை. புரிந்தபோது கையில் இருந்த முனை நழுவியது. அவரே பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாசத்துல ஒரு தடவை போன் பண்ணுவான். நான் தெருமுனைக்குப் போய்த்தான் எடுப்பேன். ஒரு வார்த்தை பேசினதில்ல. காதுல வெச்சுக்குவேன், அவ்வளவுதான். அவனே ஏதாவது சொல்லுவான், அவனே வெச்சுடுவான். பேசாதவன் எதுக்கு எடுக்கணும்னு நீ கேக்கலாம். எனக்கும் தெரியலை. பெத்துத் தொலைச்சுட்டேன். உன்கிட்ட மறைச்சது தப்பு. அதைச் சொல்லாம உன்னை அந்த ஊருக்கு அனுப்பறது அதைவிடப் பெரிய தப்பு."

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்ததைத்தான் வாய் கேட்டது.

"என்னைப் பத்தி எப்பவாவது கேட்டாரா?"

கேட்டான் என்று சொல்லிவிடலாம். எப்படி இருக்கிறாள் என்று ஒரு தடவை கேட்டான் என்றாவது சொல்லலாம். அவளுக்கு ஆறுதலாக இருக்கும், யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் தாமதமாக வந்த பஸ்ஸை நேரத்துக்கு வந்ததாக ஒரு நாளும் எழுதாத மனுஷன் அவர்.

"இல்லம்மா" என்றார். "கேட்டதில்ல."

வலித்தது. நன்றாகவே வலித்தது. மூன்று வருஷம் பொறுத்துக்கொண்டதெல்லாம் சேர்ந்து அந்த ஒரு வார்த்தையில் வந்து நின்றது. கண்ணீர் வந்ததை அவள் துடைக்கவில்லை. அவரும் பார்க்காதது போல இருக்கவில்லை, பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

சற்று நேரத்தில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாளும் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும், எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், அவன் எதிரில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம் உள்ளே இருந்துகொண்டேதான் இருந்தது. வந்துவிட மாட்டானா என்று ஒரு ஆசையும் அதற்கு அடியிலேயே இருந்தது. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. இப்போது அந்த வேரைத் தேடிப் பார்த்தால் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"அப்போ நான் எங்க வேணும்னாலும் போகலாம் மாமா" என்றாள் மெதுவாக. "அந்த ஊருக்கும் போகலாம்."

அவர் தலையாட்டினார்.

"போயிட்டு வாம்மா" என்றார்.

மடித்த போர்வையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

மாடிப்படியின் கடைசிப் படியில் குட்டி நின்றிருந்தாள். இரண்டு பேருக்கும் தேநீர் எடுத்து வந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது மட்டும் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அண்ணன் போன நாளிலிருந்து அவன் பேரைச் சொன்னால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிற பெண் அவள். இன்றைக்கு நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

மருமகள் போர்வையைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்த் தேநீர்த் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். குட்டி அண்ணியின் முகத்தைப் பார்த்து, நான் கேட்கலாமா என்பது போலத் தயங்கினாள். மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் குட்டி அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணன் நல்லா இருக்கானாப்பா?"